மங்கை நிறுத்தச் சொன்ன இடம்

மங்கையின் கையெழுத்தில் மூன்றே எழுத்துதான். ஆனாலும் அவள் அதைப் போட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர் ஒரு மனுவையே எழுதி முடித்துவிடலாம். முதலில் ம. அதை நிமிர்த்தி நிறுத்துவாள். அடுத்து ங். தலையில் புள்ளியை வைத்து, எங்கே நகர்ந்துவிடுமோ என்கிற மாதிரி ஒரு அழுத்து அழுத்துவாள். கடைசியில் கை. முன்னால் வரும் இரட்டைச் சுழியை நிதானமாகச் சுழித்து, க-வை எழுதி, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கோடு இழுப்பாள். வங்கியில் யாராவது பொறுமையிழந்து செருமினால் தலை நிமிராமலே சொல்வாள்: "என் பேர்லயே கை இருக்குது சார். அவசரப்பட்டா கோச்சிக்கும்."

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு காலனியில் அவள் வீடு. ஊர்ப் பெயரைச் சொன்னால் டவுன் பஸ் நடத்துநரே ஒரு நிமிடம் யோசிப்பார். வயது ஐம்பத்து மூன்று. புருஷன் தனசேகரன் பெங்களூரில் கொத்தனார் வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வருகிறவர். மகள் மகாலட்சுமி செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள். மங்கைக்கு விதை மல்லாட்டை உடைக்கிற வேலை. நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். விதைக்கு வேண்டியதை மிசினில் கொடுத்து உடைத்தால் பருப்பின் தோல் கிழிந்து முளைக்காது என்பதால் கையால்தான் உடைப்பார்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் காயை வைத்து ஒரே நெரி. முப்பது வருடமாக நெரித்ததில் ஓடு உடைந்ததோ இல்லையோ, விரல் நுனியில் இருந்த ரேகை தேய்ந்து போயிற்று. தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும்.

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. அனுப்பவில்லை, அவ்வளவுதான். தொண்ணூற்றிரண்டில் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். காலனிக் கோயில் பக்கத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு பதினோரு பெண்கள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். மற்ற எழுத்தெல்லாம் வந்துவிட்டது. தன் பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ங் மட்டும் பத்தொன்பது நாள் அவளை ஆட்டி வைத்தது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இருபது வயதுக்கு மேல் பலப்பம் பிடித்துப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

கற்றுக்கொண்ட கையெழுத்தை அவள் முதலில் போட்ட இடம் ரேஷன் கடை. அந்தக் காலத்துக் கடைக்காரர் வழக்கம்போல மைப்பெட்டியைத் தள்ளினார். கைநாட்டு வைத்துவிட்டு விரலைத் துடைத்துத் துடைத்து, கடைச் சுவரே ஊதா நிறத்தில் இருக்கும். மங்கை மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டு, அவர் காதில் செருகியிருந்த பேனாவைக் கேட்டாள். அவர் உருவிக் கொடுத்தார். அவள் எழுதி முடிக்கும்வரை வரிசை நின்றது. அன்றைக்கு வாங்கிய அரிசியை அவள் தலையில் வைத்துக்கொண்டு நடந்த நடையைப் பற்றித் தனசேகரன் இன்றைக்கும் கிண்டல் செய்வார். கிண்டல் செய்தாலும், அடுத்த மாதமே அவரும் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு முப்பது வருடத்தில் ஒருமுறைகூட மங்கை மையைத் தொட்டதில்லை. வங்கி, மகளிர் குழு, மகளின் பள்ளிக்கூடம், எங்கேயும் அந்த மூன்று எழுத்துதான். அப்புறம்தான் ரேஷன் கடைக்கு விரல் வைக்கிற மிசின் வந்தது.

விரல் வைத்தாள். மிசின் கீச்சென்று கத்தி வேண்டாம் என்றது. இப்போதைய கடைக்காரர் அரிகிருஷ்ணன் நல்ல மனுஷர். கையைக் கழுவிட்டு வாங்க என்றார். தலையில் தேய்த்துவிட்டு வையுங்கள் என்றார். பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. கார்டில் பதிந்த போனுக்கு வருகிற நம்பரைச் சொன்னால் கொடுக்கலாம். அந்தப் போன் தனசேகரனோடு பெங்களூரில் ஆறாவது மாடிச் சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மகாலட்சுமி வந்து விரல் வைக்கலாம். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவள் வேலைக்கு மட்டம் போட வேண்டும். ஒரு மாத அரிசிக்கு மங்கை நான்கு நடை, ஐந்து நடை நடந்தாள். அவளைப் போல அந்தக் கடையில் மட்டும் நாற்பத்து மூன்று பெண்கள். எல்லாரும் மல்லாட்டை உடைப்பவர்கள், நாற்று நடுபவர்கள், கல் சுமந்தவர்கள்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள்.

ரஞ்சனி என்று முப்பது வயதுப் பெண், அவளோடு இரண்டு பேர். மிசின்களும் ஏழை ஜனங்களும் என்று ஒரு ஆவணப்படம். செஞ்சிக்குக் கேமராவோடு வருகிற எல்லாரையும் போலவே அவர்களும் முதல் நாள் முழுக்கக் கோட்டையைத்தான் எடுத்தார்கள். ட்ரோனைப் பறக்கவிட்டு ராஜகிரிக் குன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ரேஷன் அரிசிக்கும் ராஜகிரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் காலனிக்கு வந்தார்கள்.

ரஞ்சனி கெட்ட பெண் இல்லை. தரையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, மங்கை சொன்னதை இரண்டு மணிநேரம் கேட்டாள். நடுவில் கேமராக்காரர் மட்டும், கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, கழற்றிவிடுங்கள் என்றார். மங்கை தன் படிக்கிற கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டாள். சாக்குப் பையோடு கடையிலிருந்து திரும்பி நடக்கச் சொன்னார்கள். நிமிர்ந்து நடந்தவளைக் கொஞ்சம் குனிந்து நடக்கச் சொன்னார்கள். மகளின் போனில் பார்த்த தொடர்களில் காலனி ஜனங்கள் வந்தால் குனிந்தபடியோ அழுதபடியோதான் வருவார்கள் என்பது மங்கைக்கு ஞாபகம் வந்தது. நாற்பத்து மூன்று பேருக்கு நல்லது நடக்குமென்றால் ஒருநாள் குனிந்து நடப்பதில் குடியா முழுகிவிடும் என்று அவளும் நடந்து கொடுத்தாள்.

கிளம்பும்போது கூட வந்த ஆள் ஒரு படிவத்தை நீட்டினார். படத்தில் வருவதற்குச் சம்மதம் என்று எழுதிய காகிதம். இன்னொரு கையில் மைப்பெட்டி. மங்கைக்குச் சுரீரென்றது. மைப்பெட்டியைப் பார்க்காமல் பேனாவை வாங்கினாள். வாங்கி, அத்தனை பேர் பார்க்க, ம, ங், கை, அடியில் கோடு என்று போட்டுக் கொடுத்தாள். அந்த ஆள் அசந்து போனார்.

அந்த வேகத்தில் அவள் ஒரு தப்பு செய்தாள். காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. கண்ணாடி மடியில் இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து, படம் முடிந்துவிட்டது என்று ரஞ்சனியிடமிருந்து தகவல் வந்தது. செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உள்ளூர்ச் சங்கம் ஒன்று திரையிட ஏற்பாடு செய்திருந்தது. வட்ட வழங்கல் அலுவலர் வர ஒப்புக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் நாற்பத்து மூன்று பேரும் கையோடு மனு கொடுப்பதாகத் திட்டம். விரலுக்குப் பதிலாகக் கண்ணைப் பார்க்கிற மிசின் ஒன்று தங்கள் கடைக்கு வேண்டும் என்பது கோரிக்கை. அதற்குப் பத்து நாள் முன்னால் முழுப் படத்தையும் ரஞ்சனி மகாலட்சுமியின் போனுக்கு அனுப்பி வைத்தாள்.

மகாலட்சுமி கடையிலேயே பார்த்துவிட்டாள். அம்மாவின் முகம் வருகிற இடத்தில் கீழே ஒரு வரி. அது நாலு செகண்டுதான் நிற்கும். அம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் போய்விடும், போகட்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மாவைப் பற்றி அவள் போட்ட கணக்கு அது.

சாப்பிட்டுவிட்டு மங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டை வந்தது. கடை வந்தது. அரிகிருஷ்ணன் வந்தார். அவள் முகம் வந்தது. பேசியது வந்தது: "நான் கைநாட்டு. அதுவும் விழாத கைநாட்டு."

"நிறுத்து," என்றாள் மங்கை.

"யம்மா, அது சும்மா பேரு போட்டிருக்குது. மேல பாரு."

"பேரு மூணு எழுத்துதான். அங்க நெறைய இருக்குது. பின்னால தள்ளி நிறுத்து."

மகாலட்சுமி நிறுத்தினாள். மங்கை போனைக் கையில் வாங்கி, விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தாள். மங்கை. எழுதப். படிக்கத். தெரியாத. கூலித். தொழிலாளி.

எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று தன்னைப் பற்றி எழுதியிருந்ததை அவளே படித்து முடித்தாள். அப்புறம் மகளைப் பார்த்து, நீ இதை முன்னாடியே பார்த்துவிட்டாய்தானே என்று கேட்டாள். மகாலட்சுமி தலை குனிந்தாள். அதற்காக மங்கை திட்டவில்லை. ஆனால் அன்றைக்கு மகள் ஊற்றிக் கொடுத்த டீயைத் தொடவில்லை.

அவள் உண்மையில் பேசியது வேறு. ஒரு வார்த்தை விடாமல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இதுதான் அவள் சொன்னது: "தொண்ணூத்திரெண்டுல கையெழுத்துப் போடக் கத்துக்கினேன். அதுலேர்ந்து மையத் தொட்டதில்ல. இப்போ இந்த மிசின் வந்து என்னைக் கைநாட்டு ஆக்கிடுச்சி. சரி, கைநாட்டாவாச்சும் ஏத்துக்குதான்னா அதுவும் இல்ல. நான் கைநாட்டு. அதுவும் விழாத கைநாட்டு." சென்னையில் கத்தரி போட்டவர்கள் வாலை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை வெட்டிவிட்டார்கள். நம் ஊரில் கைநாட்டு என்றால் பெருவிரல் ரேகை. படிக்காதவர்களுக்கும் அதுதான் பேர், ஏச்சும் அதுதான். மூன்றையும் ஒரே வார்த்தையில் வைத்து அவள் குத்திப் பேசியது, வெட்டியவர்களுக்கு ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டிருக்கிறது.

மறுநாள் காலையில் ரஞ்சனிக்குப் போன் போடச் சொன்னாள். ரஞ்சனி உண்மையிலேயே வருத்தப்பட்டாள். ஆனாலும் அக்கா நீங்களே சொன்னீர்கள் என்றாள். சம்மதப் படிவத்திலும் அப்படித்தான் இருக்கிறது, உங்களுக்கு வாசித்துக் காட்டியதாக எழுதி அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதை வைத்துத்தான் ஆபீசில் அந்த வரியைப் போட்டிருப்பார்கள் என்றாள். மங்கைக்கு அப்போதுதான் தன் தப்பு உறைத்தது. உறைத்ததில் கோபம் இரட்டிப்பாயிற்று. பாதிக் கோபம் தன்மேல்.

படம் முடிந்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பியாகிவிட்டது, இனி கை வைப்பது கஷ்டம் என்று ரஞ்சனி இழுத்தாள். கடைசியில், உங்களுக்கு மனசு சங்கடமாக இருந்தால் உங்கள் பகுதியையே எடுத்துவிடுகிறோம் என்றாள்.

"எடுக்கக் கூடாது," என்றாள் மங்கை. "மாத்தணும். நான் பேசினத முழுசாப் போடணும். இல்லன்னா நான் மண்டபத்துக்கு வரமாட்டேன். மனுவுல கையெழுத்தும் போடமாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அதன் விலை அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் வராவிட்டால் மற்றவர்களும் தயங்குவார்கள். அலுவலர் வந்து காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போவார். மறுபடி எந்தக் காலத்தில் வருவாரோ. தனசேகரன் பெங்களூரிலிருந்து, ஒரு வரிக்காக எதுக்கு வம்பு, நல்ல காரியம்தானே பண்ணுகிறார்கள் என்றார். மகாலட்சுமியும், யாரு அதையெல்லாம் படிக்கிறார்கள் என்றாள். நான் படிச்சேனே என்றாள் மங்கை.

ஆனால் அவளை நிஜமாகத் தடுமாற வைத்தவள் நாகம்மாள். அடுத்த வீடு. முப்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிறவள். அறிவொளிக்கு அப்போது வரமுடியாமல் போனவள். மாமியார் விடவில்லை. முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு நாகம்மாள் கேட்டாள்: "நான் கைநாட்டுதானே மங்க? அப்போ அது அவ்ளோ கேவலமா? என்னையப் பாத்தா ஒனக்கு அப்பிடித்தான் தோணுதா?"

மங்கையின் கையில் ஓடு உடையாமல் நின்றது. இதை அவள் யோசித்திருக்கவில்லை.

"கேவலம்னு சொல்லல. ஒன்ன படிச்சவன்னு போட்டாலும் நான் சண்டைக்குத்தான் போவேன். அதுவும் பொய்யி. ஒனக்கு ஒரு கைநாட்டு இருந்துச்சி, அத இந்த மிசின் இல்லன்னுடுச்சி. எனக்கு ஒரு கையெழுத்து இருந்துச்சி, அதக் கேக்கவே இல்ல. யாருகிட்டேர்ந்து இன்னா போச்சின்னு சரியாச் சொல்லணும் இல்ல? தப்பாச் சொன்னா, போனதே தெரியாமப் பூடும்."

நாகம்மாள் முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டாள். அப்போ விடாதே என்று மட்டும் சொன்னாள்.

மங்கை விடவில்லை. ஒற்றைக் காலில் நின்றாள். போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும், எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தாள். மகாலட்சுமி கடையில் அழகாக டைப் அடித்துத் தருகிறேன் என்றாள். டைப் அடித்தால் யார் எழுதியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டு மங்கை ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கினாள். மூன்று நாள் எழுதினாள். உடைத்த மல்லாட்டையை நிறுக்கப் போகும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் எழுதினாள். நான்கு தாளைக் கிழித்தாள். இப்படி வந்து நின்றது கடிதம்:

'ரஞ்சனி மேடத்துக்கு மங்கை எலுதுவது. நான் நலம். நீங்க நலமா. படத்தில் எனக்கு எலுதப் படிக்கத் தெரியாது என்று போட்டிருக்கிறது. அதை நானே படித்தேன். நான் கைநாட்டு என்று சொன்னேன். அதுக்கு முன்னாடி கைநாட்டு ஆக்கிடுச்சி என்று சொன்னேன். ஆவுறது வேற. ஆக்குறது வேற. நீங்க ஆக்குனதை வெட்டிட்டு ஆனதை வெச்சிட்டீங்க. நான் பேசினது உங்க கிட்ட முழுசா இருக்கும். ஒரு தடவை கேளுங்க. அப்புறம் உங்க மனசு என்ன சொல்லுதோ அதை செய்யுங்க. படிக்காமல் கையெலுத்து போட்டது என் தப்பு. இனிமேல் போடமாட்டேன். இப்படிக்கு மங்கை.'

மகாலட்சுமி படித்தாள். படிக்கும்போது அவள் கண் கலங்கியதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் ஊராருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிற புத்தி போகுமா? எழுத்துக்குச் சின்ன ல வராது அம்மா, ழ வரும் என்றாள். "பளத்துக்கு வர்ற ழ-வா?" என்று கேட்டு மங்கை பேனாவை எடுத்தாள். அந்த ல மூன்றின்மேலும் அழுத்தி அழுத்தி ழ போட்டாள். அந்த மூன்று இடத்தில் மட்டும் தாள் கறுத்துக் கிடந்தது. அப்படியே இருக்கட்டும், திரும்ப எழுத மாட்டேன் என்றாள். அதைப் படமெடுத்து ரஞ்சனிக்கு அனுப்பினார்கள்.

ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள். மூன்றாவது நாள் சங்கத்திலிருந்து ஆள் வந்து, மண்டபத்துக்கு நாற்காலி சொல்லியாகிவிட்டது, பிடிவாதம் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார். மங்கை அவருக்கு மோர் கொடுத்தாள். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

திரையிடலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ரஞ்சனியே கூப்பிட்டாள். முழுதாகக் கேட்டேன் அக்கா என்றாள். எடுத்த அன்றைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டவளும் நானேதான், அப்படியும் எப்படி நழுவ விட்டேன் என்று தெரியவில்லை என்றாள். வெட்டிய பகுதியைத் திரும்பச் சேர்த்தாயிற்று. கீழே வரும் வரியில் இனி 'மங்கை, விதை மல்லாட்டை உடைப்பவர்' என்று மட்டும் இருக்கும். வெளியே அனுப்பிய பிரதியையும் மாற்றச் சொல்லி எழுதிவிட்டாள். படம் மாறியதால் எல்லாரிடமும் புதிதாகச் சம்மதம் வாங்க வேண்டும், அதை மட்டும் வந்த இடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்றாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. மண்டபத்தில் மின்விசிறிகள் சத்தம் போட்டன. மேடையில் வெள்ளைத் துணி கட்டி, நீல வெளிச்சம் விழுந்திருந்தது. நாற்பத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். அரிகிருஷ்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அலுவலர் முன் வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு இருந்தார். ரஞ்சனி மங்கையிடம் வந்து, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். பிறகு சம்மதப் படிவத்தையும் பேனாவையும் கொடுத்தாள். மைப்பெட்டி இல்லை. அதை மங்கை கவனித்தாள்.

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். முதல் வரியின்கீழ் விரலை வைத்தாள்.

மண்டபம் காத்திருந்தது. சங்கத்து ஆள் மகாலட்சுமியைப் பார்த்தார். மகாலட்சுமி குனிந்து, யம்மா சீக்கிரம் என்றாள். மங்கையின் விரல் அதற்காக வேகமாக நகரவில்லை. அலுவலர் மணி பார்த்தார். முன்னொரு நாள் ரேஷன் கடை வரிசை நின்ற மாதிரி மண்டபம் நின்றது. பாதித் தாளில் ஒரு வார்த்தை புரியாமல் ரஞ்சனியிடம் அர்த்தம் கேட்டாள். ரஞ்சனி சொன்னாள். விரல் மறுபடி நகர்ந்தது. கடைசி வரிக்கு வந்தது.

'மேற்கண்டவை அனைத்தும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, புரிந்துகொண்டு, கையொப்பம் அல்லது இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.'

"இத யாரு வாசிச்சிக் காட்டினது?" என்று கேட்டாள் மங்கை.

ரஞ்சனிக்கு முகம் சிவந்தது. "அது எல்லாப் படிவத்துலயும் வழக்கமா வர்ற வரிக்கா. பழைய படிவத்தையே எடுத்து அடிச்சிட்டாங்க."

"அன்னிக்கும் யாரும் வாசிச்சிக் காட்டல. எனக்கும் இல்ல, வேற யாருக்கும் இல்ல."

அது உண்மை என்று ரஞ்சனிக்கே தெரியும்.

மங்கை தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டாள். 'எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு' என்பதன்மேல் நேராக ஒரு கோடு இழுத்தாள். 'அல்லது இடது பெருவிரல் ரேகை' என்பதன்மேல் இன்னொன்று. மேலே இருந்த வெற்றிடத்தில் 'நானே வாசித்து' என்று எழுதினாள். அதன்பிறகு ம, ங், கை. புள்ளியை அழுத்தினாள். அடியில் கோடு இழுத்தாள்.

எழுந்து போய்த் தாளைக் கொடுப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் அசையவில்லை. பக்கத்து நாற்காலியில் நாகம்மாள் இருந்தாள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவளாக அவளும் படத்தில் வருகிறாள். அவளுக்கும் ஒரு படிவம் உண்டு. மங்கை அதை ரஞ்சனியிடமிருந்து கேட்டு வாங்கினாள். அந்தக் கடைசி வரியைப் பார்த்தாள். இந்தத் தடவை அதை அடிக்கவில்லை.

"கேளு நாகம்மா," என்று சொல்லிவிட்டு, முதல் வரியிலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறித் திரும்பப் போனாள். நாகம்மாள் ஒவ்வொரு வரிக்கும் ம் கொட்டினாள். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள். பின்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தங்களுக்கும் கேட்கட்டும் என்று முன்னால் நகர்ந்து வந்தார்கள். அவர்களில் எழுதத் தெரியாதவர்கள் இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். அலுவலர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

வாசித்து முடித்ததும் நாகம்மாள் மைப்பெட்டி எங்கே என்று கேட்டாள். ரஞ்சனி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நாகம்மாள் பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்து எடுத்தாள். தாளில் ரேகை எதுவும் விழவில்லை. வெறும் ஊதா வட்டம்தான் இருந்தது. அவள் விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று மங்கையைப் பார்த்தாள்.

"சரியா இருக்குது. இது ஒன்னுதுதான்," என்றாள் மங்கை.

படம் முக்கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது.